சல்லடைக்குள் பதினோரு வாரம்

என் கணவர் தாம் பார்த்துக்கொண்டிருந்த வேலையிலேயே மறுபடி சேருவதற்குப் பதினோரு வாரம் காத்திருந்தார். அதே அரசாங்க அலுவலகம். அதே மேசை. கேபிள்களுக்கு அவரே கைப்பட எழுதிச் சீட்டு ஒட்டிய அதே சர்வர் அறை. மாறியதெல்லாம் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயர் ஒன்றுதான்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஆபீஸ் பேரு, கம்பெனி பேரு, என் பேரு, மூணும் வராம எழுது" என்றார். வானொலியில் பத்து வருடமாகப் பேசிப் பிழைப்பவளுக்கு அது ஒன்றும் பெரிய சிரமம் இல்லை.

அவர் அரசாங்க ஊழியர் கிடையாது. அங்கே கணினிகளையும் சர்வர்களையும் பராமரிக்கும் குத்தகையை எடுத்த நிறுவனத்தின் ஆள். பினாங்கில் இப்படி வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள், ஏர்கோன் ஆட்கள். அரசாங்கக் கட்டடத்துக்குள் தினமும் போய் வருவார்கள். ஆனால் சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். என் கணவரின் இடத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெண்டர். டெண்டர் கை மாறினால் புதிதாக வரும் நிறுவனம் பெரும்பாலும் பழைய ஆட்களையே கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர்களுக்குத்தானே தெரியும்?

2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு பழைய நிறுவனத்தின் குத்தகை முடிந்தது. புது நிறுவனம் ஒரு வாரம் முன்பே வேலைக் கடிதம் கொடுத்துவிட்டது. சம்பளம் இருநூறு வெள்ளி அதிகம். அன்றைக்கு ராத்திரி வெளியே போய் மீ கோரிங் சாப்பிட்டோம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பாதுகாப்புச் சோதனையில் தேர்ச்சி பெற்ற பிறகே பணி தொடங்கும்.

"நீங்கதான் ஏற்கெனவே தேறினவராச்சே?" என்றேன்.

"தேறினது பழைய கம்பெனி ஆளு. இப்ப நான் புது ஆளு" என்றார் சிரித்தபடி. அந்தச் சிரிப்பு அக்டோபர் நடுவில் நின்றுபோனது.

மலாயில் இதற்குப் பெயர் தாப்பிசான் கெசெலாமாத்தான். தாப்பிஸ் என்றால் வடிகட்டுவது, சலிப்பது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கசார், கரடுமுரடான சல்லடை. இன்னொன்று ஹாலுஸ், நுண்ணிய சல்லடை. அரசாங்கக் கோப்புகளை ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட் என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே உள்ள இரண்டு படிகளைத் தொடுகிறவர்களுக்கு ஹாலுஸ். கீழே உள்ள இரண்டுக்கு கசார். பிரதமர் துறையின் கீழ் இயங்கும் அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் இதைக் கவனிக்கிறது. விண்ணப்பம் இப்போது இ-வெட்டிங் என்ற கணினி வழியில்தான். அரசாங்க ஊழியர்களோடு, குத்தகைக்காரர்களின் ஆட்களுக்கும் இது உண்டு. 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்தும் போட வேண்டும். கோப்பைத் திறந்துகூடப் பார்க்காதவர் என் கணவர். ஆனால் அத்தனை கோப்பும் அவர் பராமரிக்கும் பெட்டிக்குள்தானே இருக்கிறது. அந்த வகையில் இந்தச் சோதனையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டுக்காரரை விசாரிக்காமல் யாராவது சாவியைக் கொடுப்பார்களா?

விண்ணப்பத்தில் அவரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், மனைவி. ஒவ்வொருவருக்கும் பெயர், அடையாள அட்டை எண், பிறந்த இடம், தொழில். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். மனைவியின் தொழில் என்ற கட்டத்தில் 'வானொலி அறிவிப்பாளர்' என்று தட்டினார். விண்ணப்பம் போனது.

முதல் இரண்டு வாரம் விடுமுறை மாதிரி இருந்தது. எங்கள் நான்கு வயது மகளைத் தடிக்காவிலிருந்து தினமும் அப்பாவே கூட்டிவந்தார். இந்தக் கதையில் முழுச் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவள்தான். மூன்றாவது வாரம் புது நிறுவனத்துக்குப் போன் செய்தார். "அங்கே இருந்து இன்னும் பதில் வரலை" என்றார்கள். நான்காவது வாரமும் அதே பதில். வேலை தொடங்காததால் சம்பளம் கிடையாது. சொக்சோவில் வேலையிழப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தோம். காலவரையறை வைத்த ஒப்பந்தம் முடிந்தால் அது வேலையிழப்புக் கணக்கில் வராதாம். வீட்டுக் கடன், கார் கடன், நான் படித்ததற்கான பிடிபிடிஎன் கடன் எல்லாம் தேதி தவறாமல் வந்தன. அந்த வருடம் மே மாதம் இபிஎஃப்பில் புதிதாகத் திறந்த மூன்றாவது கணக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்களே, அதில் இருந்ததை இரண்டு தவணையாக எடுத்தோம். ஜெலுத்தோங்கில் நண்பர் ஒருவர் சிசிடிவி கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒத்தாசையாகக் கேமரா மாட்டப் போனார் கணவர். நாள் கூலி.

பணம் கூடப் பரவாயில்லை. ஏன் என்று தெரியாமல் இருந்ததுதான் எங்களைத் தின்றது.

காரணம் சொல்லாமல் நம்மைக் காக்க வைத்தால் மனசு சும்மா இருக்காது. தானே ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்கும். ராத்திரி படுத்தபடி அவர் தம் வாழ்க்கையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். 2007 நவம்பர் 25, கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி. அவர் அப்போது கல்லூரி மாணவர். வேடிக்கை பார்க்கப் போய்க் கண்ணீர்ப்புகையில் மாட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு ஓடியவர். நண்பன் எடுத்த படத்தில் ஓரத்தில் இருக்கிறார். "அந்தப் படமா இருக்குமோ?" என்றார். பெரியப்பா மகன் ஒருவன் பத்து வருடத்துக்கு முன்பு ஒரு அடிதடி வழக்கில் இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தானே, அதுவா?

"இதெல்லாம் 2018-லயும் இருந்துச்சே. அப்ப தேறிட்டீங்களே" என்றேன், ஆறுதலாகத்தான்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. 2018-இல் முதல் தடவை சோதனையில் தேறியபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குத் திருமணம் நடந்தது 2019-இல். அந்த விண்ணப்பத்துக்கும் இந்த விண்ணப்பத்துக்கும் இடையில் புதிதாகச் சேர்ந்திருப்பது நான் ஒருத்திதான்.

அவரும் அதை நினைத்திருப்பார். சொல்லவில்லை.

என் நிகழ்ச்சி என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் பாட்டு, போக்குவரத்து, பிறந்தநாள் வாழ்த்து. நடுவில் பதினைந்து நிமிடம் ஒரு நேயரின் கதை. அதில் நானாகப் பிடிவாதமாகச் சேர்த்துக்கொண்ட விஷயம், அடையாளப் பத்திரம் இல்லாதவர்களின் கதைகள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடம் சேர முடியாத பிள்ளை, ஐம்பது வருடம் இங்கே உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டி. யாரையும் திட்டியதில்லை. எங்கே போய் எந்தப் பாரம் எழுத வேண்டும் என்று வழிதான் சொல்லுவோம். ஆனால் அந்த நடுராத்திரியில் நான் பேசியதையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வாக்கியமும் யாரோ குறிப்பேட்டில் எழுதி வைத்த மாதிரியே தோன்றியது.

அக்டோபர் 17-ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவையில் குடியுரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் 206 வாக்குகளுடன் நிறைவேறியது. மலேசியத் தாய்மார்கள் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கும் குடியுரிமை என்பது எல்லாரும் கொண்டாடிய பகுதி. நிரந்தரவாசிகளுக்கு, அதாவது சிவப்பு அட்டைக்காரர்களுக்கு, இங்கே பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடிமக்கள் ஆவது இனி இல்லை என்ற பகுதியும் அதே திருத்தத்தில் இருந்தது. இது நம் குடும்பங்களில் எத்தனை வீட்டைத் தொடும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பெரியவரை ஏற்பாடு செய்திருந்தேன். ஏழு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரஜூலா கப்பலில் வந்து பினாங்குத் துறையில் இறங்கியவர். இப்போது எழுபத்தெட்டு. இன்னமும் சிவப்பு அட்டை. தேதி குறித்ததும் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டதாகச் சொன்னார். "ஐயா, ரேடியோவுல சட்டை தெரியாது" என்றேன். "எனக்குத் தெரியுமில்லம்மா" என்றார்.

திங்கட்கிழமை மாலை அவரை அழைத்து, தீபாவளி நேரம், நிகழ்ச்சியில் இடமில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன். தயாரிப்பாளரிடம், பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இரண்டும் பொய். மறுநாள் அந்தப் பதினைந்து நிமிடத்தில் முறுக்கு மாவு பிசையும் பக்குவம் பற்றிப் பேசினோம். நேயர்களிடமிருந்து நல்ல வரவேற்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் இதைக் கேட்கவே இல்லை. என் மேலதிகாரி கேட்கவில்லை. அரசாங்கத்தில் யாரும் கேட்கவில்லை. நானே செய்தேன். மிண்டன் வளாகத்தில் யுஎஸ்எம்மில் தொடர்புத் துறை படித்தபோது சுயதணிக்கை பற்றி இருபது பக்கம் கட்டுரை எழுதி ஏ மைனஸ் வாங்கியவள் நான். அதில் இந்த விஷயம் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அப்போது தெரியாது.

தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 31. அதற்கு முந்தின சனிக்கிழமை மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து நேரடி ஒலிபரப்பு. பினாங்கு ஸ்திரீட் முனையில் நின்றுகொண்டு, கூட்டம் எப்படி, புடவை விலை எப்படி, என்ன வாங்கினீர்கள் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். "நீங்க என்ன வாங்கினீங்க?" என்று ஒரு அம்மா திருப்பிக் கேட்டார். மகளுக்கு ஒரு பாவாடை சட்டை வாங்கியிருந்தேன். "நிறைய வாங்கிட்டோம்மா!" என்றேன் மைக்கில்.

மேரிலாந்தில் இருக்கும் என் சித்தி மகன் தீபாவளி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அங்கே அரசாங்கக் குத்தகை நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். இந்த விஷயத்தைச் சொன்னதும் அவன் ஆச்சரியமே படவில்லை. அங்கே தனிமனிதர் தாமாக இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியாதாம். வேலை கொடுப்பவர் கேட்டால்தான் உண்டு. பாரமே நூறு பக்கத்தைத் தாண்டும். வேலையை விட்டால் அனுமதி தூங்கப் போய்விடும். இரண்டு வருடத்துக்குள் இன்னொரு நிறுவனம் கேட்டால் எழுப்பிக்கொள்ளலாம், தாண்டினால் முதலிலிருந்து. 2018-இல் அங்கே முடியாமல் தேங்கிக் கிடந்த விசாரணைகள் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல். "அதுக்கு மூணு வருஷம் முன்னாடி அந்தப் பாரங்களையே எவனோ திருடிட்டான்க்கா. ரெண்டு கோடி பேரோட விவரம்" என்றான். 2015-இல் வெளியே வந்த செய்தி அது; சரியாகச் சொன்னால் 2 கோடியே 15 லட்சம் பேர். எனக்கு இது ஆறுதலா பயமா என்று தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் 'ஓப்பன்ஹைமர்' படத்தை வீட்டில் மறுபடியும் போட்டார் கணவர். 2023-இல் தியேட்டரில் பார்த்தபோது பாதியில் தூங்கியவர். இந்தத் தடவை விசாரணைக் காட்சிகளைக் கண் கொட்டாமல் பார்த்தார். அணுகுண்டு செய்த அந்த விஞ்ஞானி 1954-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் ஊழியர் இல்லை, ஒப்பந்த ஆலோசகர். அவருடைய பாதுகாப்பு அனுமதியை ஜூன் 29-ஆம் தேதி பறித்தார்கள். ஒப்பந்தம் முடிய வேண்டியது ஜூன் 30. "ஒருநாள் பொறுத்திருந்தா தானாவே முடிஞ்சிருக்கும்" என்றார் கணவர். அந்தத் தீர்ப்பை அமெரிக்க அரசாங்கம் ரத்து செய்தது 2022 டிசம்பரில். அவர் இறந்தது 1967-இல். "அவருக்காவது காரணம் சொன்னாங்க" என்று டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாங்கள் ஏன் நேரில் போய்க் கேட்கவில்லை என்று இப்போது நீங்கள் கேட்கலாம். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். பயம்தான். துருவிக் கேட்டால் சந்தேகப்படுவார்களோ, மறைக்க ஏதோ இருப்பதால்தான் அவசரப்படுகிறான் என்று நினைப்பார்களோ என்று இரண்டு பட்டதாரிகள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். அத்தை ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நவம்பர் கடைசியில் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "ஏம்பா, வாயத் தொறந்து கேக்காம வீட்ல உக்காந்து ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா யாரு வந்து சொல்லுவா?"

டிசம்பர் 2, திங்கட்கிழமை, அவர் பழைய அலுவலகத்துக்கே போனார். ஆறு வருடம் தினமும் நுழைந்த கட்டடம். இப்போது கீழே வருகையாளர் புத்தகத்தில் பெயர் எழுதி, அடையாள அட்டையைக் கொடுத்து, மேலே இருந்து ஆள் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவலாளி நம்மவர். "என்னாண்ணே நீங்க போயி..." என்று அவர் சங்கடப்பட்டதுதான் அந்த இரண்டு மாதத்திலேயே அதிகம் வலித்தது என்று பிற்பாடு சொன்னார்.

பொறுப்பில் இருந்த புவான் நல்ல மாதிரி. கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அக்டோபர் 9-ஆம் தேதியே கேள்வி அனுப்பியிருக்கே, ஏன் பதில் போடலை?" என்றாராம்.

எங்கே அனுப்பினார்கள்? மின்னஞ்சலுக்கு. எந்த மின்னஞ்சல்? 2018-இல் முதல்முறை பதிவு செய்தபோது அவர் கொடுத்தது. பழைய நிறுவனம் அவருக்குக் கொடுத்திருந்த முகவரி. செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு அந்த முகவரியை மூடிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த ஊழியரின் கணக்கை மூடுவதுதான் முறை. மற்றவர்களுக்கு அந்த மாதிரிக் கணக்குகளை மூடுவதே இவர் வேலையில் ஒரு பகுதி என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எட்டு வாரமாக அந்தக் கேள்வி, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கேள்வி என்ன? பேரணி கிடையாது. பெரியப்பா மகன் கிடையாது. நானும் கிடையாது. 'தாயாரின் பெயர் ஆவணங்களில் வேறுபடுகிறது, விளக்கவும்.' 2018-இல் யார் கண்ணிலும் படாதது இந்தத் தடவை பட்டிருக்கிறது.

அன்று ராத்திரி பீரோவிலிருந்து பத்திரப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் கொட்டினோம். அத்தையின் பெயர் லெட்சுமி. 1953-இல் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்தபடி பதிவான பிறப்புப் பத்திரத்தில் பெயருக்கு நடுவே ஒரு 'டி' இருக்கிறது. பன்னிரண்டு வயதில், 1965-இல் அடையாள அட்டை எடுத்தபோது எழுதியவர் காதில் விழுந்த மாதிரி எழுதியிருக்கிறார்; 'டி' போய்விட்டது. இந்த நாட்டில் அடையாள அட்டையே 1948-இல் அவசரகாலத்தின்போது, யார் கம்யூனிஸ்டு, யார் இல்லை என்று சலித்தெடுக்கக் கொண்டுவந்ததுதான். பன்னிரண்டு வயதானால் படம், கைரேகை, அட்டை. ஆள் யார் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த அட்டையில்தான் எங்கள் அத்தை வேறு ஆளாகியிருக்கிறார். அப்புறம் 1986-இல் மகன் பிறந்தபோது மாமா தம் கையால் பாரம் பூர்த்தி செய்தார். 'டி' திரும்பி வந்துவிட்டது, ஆனால் கடைசியில் 'வொய்' இருந்த இடத்தில் 'ஐ'. மூன்று பத்திரம், மூன்று லெட்சுமி.

"நான் ஒருத்திதானே?" என்றார் அத்தை, கொஞ்சம் பயந்துபோய்.

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துப் பக்கம் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவரிடம் போனோம். 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி ஒரு பத்திரம்: இந்த மூன்று பெயரும் என் ஒருத்தியையே குறிக்கும் என்று. அதற்காக அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஆணையர் மலாயில் வாசிக்க, நான் தமிழில் சொல்ல, அத்தை ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். தமிழில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். அத்தை பேனாவை அழுத்திப் பிடித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். லெச்சுமி.

நான்காவது. நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டோம்.

பத்திரத்தை இணைத்து, மின்னஞ்சலை அவருடைய சொந்த முகவரிக்கு மாற்றி அனுப்பினோம். பத்தே நாளில் வந்துவிட்டது. டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை, புது அட்டையை மாட்டிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். மகள் மட்டும் அழுதாள். அத்தையின் பிறப்புப் பத்திரத்தையும் அட்டையையும் ஒன்றாக்கத் தேசியப் பதிவு இலாகாவில் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது விசாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு லெட்சுமி, ஒரு முனியாண்டி, ஒரு அஞ்சலை இருந்தால், அவசரம் வருவதற்கு முன்பு ஒருநாள் சாயங்காலம் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். அரசாங்கம் சம்பந்தப்பட்ட எதற்கும் அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். கணவர் இந்தக் கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொன்ன ஒரே வரி அதுதான்.

எனக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. தேய்த்து வைத்த சட்டை.

ஜனவரியில் பெரியவரை அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். தீபாவளி நேரம் என்று சொன்னது உண்மையில்லை, வீட்டில் ஒரு பிரச்சனை, அதனால் நானே பயந்து நிறுத்திவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். "அதனாலென்னம்மா, எல்லாருக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். அன்றைக்கு முறுக்குப் பேச்சையும் முழுசாகக் கேட்டாராம். வெண்ணெய் அளவு அதிகம் என்று அவர் மனைவி சொன்னாராம்.

"அப்ப இந்த மாசமே ஒருநாள் வாங்களேன்யா. தைப்பூசத்துக்கு முன்னாடி" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா" என்றார். "பேத்தி அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கு. இப்ப வேணாமே."

"சரிங்கய்யா" என்றேன்.